முடிச்சூரில் ஒரு ஹெரால்டு: இரண்டு முறை பிரித்துப் பூட்டிய காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் சென்னையின் தென்பகுதியில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். இங்கே பேசப்படும் குடும்பம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, முடிச்சூரில் இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, தவறிலும் உண்டு. அதனால் இதை வெளியாள் எழுதிய அறிக்கையாகப் படிக்க வேண்டாம்.

வீட்டில் ஐந்து பேர். 2021-ல் தாத்தாவுக்கு 77 வயது. இளமையில் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில், முன்சக்கர அமைப்பைப் பூட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். 1980-களின் கடைசியில் அங்கே கார் உற்பத்தி நின்றதோடு அவர் வேலையும் போனது. மகன் அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறார். மருமகள் கணக்காளர். பேத்தி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பேரன் எட்டாம் வகுப்பு.

கார், 1970-ல் பதிவான நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1981-ல் தாத்தா செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இருபது வருடத்துக்கு மேலாகப் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் நின்றது.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த காரின் சென்னைப் பதிப்பு அது. அந்தக் காலத்துச் சின்ன கார்கள் பலவற்றிலும் பாடியே சேஸியாக, அதாவது அடிச்சட்டமாக, ஆகிவிட்ட நேரத்தில், ஹெரால்டுக்குத் தனி சேஸி இருந்தது. பாடி பகுதி பகுதியாக போல்ட்டில் நிற்கும். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கியர்பாக்ஸ் மேலிருக்கும் மூடியைக்கூடக் கழற்றி எடுத்துவிடலாம். சொந்தமாகக் காரைப் பிரித்துப் பூட்ட ஆசைப்படும் குடும்பத்துக்கு இதைவிட இணக்கமான வண்டி கிடைப்பது கடினம்.

ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது என்ற எண்ணம், பேத்தியிடமிருந்து வந்தது. 1930-களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்காட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, என்ஜினைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோர்டு 1932-ல் வி8 என்ஜினைக் கொண்டுவந்த பிறகு அந்த ஆண்டு மாடலே ஹாட் ராட்களின் அடையாளமாகிவிட்டது. பேத்தி இதையெல்லாம் லாக்டவுன் நேரத்தில் பார்த்துவிட்டு, "நம்மகிட்டயும் தனி சேஸி வண்டி இருக்கே அப்பா" என்று கேட்டாள். மகனுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் கட்டம்: 2021 மார்ச் முதல் 2022 ஆகஸ்ட் வரை

முதலில் வாங்கியது என்ஜின். இந்த ஆய்வின் பாதி விஷயம் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

ஹெரால்டின் சொந்த என்ஜின் 948 சி.சி., சக்தி நாற்பது பி.எச்.பி. (குதிரைத்திறன்) அளவுக்குள் அடங்கும். மகனும் நானும் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, மாருதி ஜிப்சியின் 1298 சி.சி. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பிடித்தோம். 80 பி.எச்.பி. தேர்வில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அது நெடுக்குவாக்கில் உட்காரும் என்ஜின். ஜிப்சியில் நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால், கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து நேரே புரொப்பெல்லர் ஷாஃப்டை இழுத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை போர்ட்டிகோவில் என்ஜினை இறக்கியபோது தாத்தா ஒன்றே ஒன்று சொன்னார். "இதை வெச்சா அது ஹெரால்டே இல்லப்பா." மகன் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு தாத்தா வண்டிப் பக்கம் வரவில்லை. அவர் மனசு கஷ்டப்படும் என்று மற்றவர்களும் வேலை விவரங்களை அவரிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அது பாசத்தில் செய்தது, விளைவு வேறு.

பழைய என்ஜினைக் காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தது. மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆர்.சி. புக்ல இருக்கிற நம்பர் அதுலதான இருக்கு, அதை எப்படி விக்கிறது?" என்று கேட்டு, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னார். அன்று அதைக் கணக்காளர் புத்தி என்று நாங்கள் கேலி செய்தோம்.

அடுத்த பதினேழு மாதம் வேலை நடந்தது. சேஸியில் புது என்ஜின் மவுண்ட் வெல்டிங் செய்யப்பட்டது. அதன் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்றவன் நான். ஜிப்சி என்ஜினின் பிளாக் அலுமினியம், ஹெரால்டு என்ஜின் வார்ப்பிரும்பு. எடை குறைந்து காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அது பார்க்க நன்றாக இல்லை என்று மகன் முன் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினார். கார் தாழ்ந்து உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. பிரேக்கில் ரப்பர்களை மட்டும் மாற்றினார்கள். முன் சஸ்பென்ஷனில் ஆட்டம் தெரியவில்லை என்பதால் பிரிக்கவில்லை. நிப்பிள் (மசகு செலுத்தும் சின்ன முனை) இருந்த இடத்திலெல்லாம் பேரன் கிரீஸ் அடித்தான். கொடுத்த வேலையைச் சுத்தமாகவே செய்தான்.

படப்பையில் நடந்தது

2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, படப்பைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுமனை லேஅவுட்டில் ஓட்டிப் பார்த்தோம். வீடுகள் வராத, கேட் போட்ட இடம். காரை டோ செய்து கொண்டுபோனோம். மகன் ஓட்ட, பேத்தி பக்கத்தில். இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள்.

நேர்ச்சாலையில் ஆறு முறை போய்வந்தார்கள். ஒருமுறை வேகம் அறுபதைத் தாண்டியது. ஏழாவது முறை, சாலை முடியும் இடத்தில் இடப்பக்கம் வளைத்துத் திருப்பும்போது, வலது முன்சக்கரம் மடிந்து மட்காட்டுக்குள் போய்விட்டது. கார் மூன்று நான்கு அடி தரையில் தேய்ந்து நின்றது. அப்போது வேகம் பதினைந்துக்கு மேல் இருக்காது. யாருக்கும் அடியில்லை. பேத்தி இறங்கி, சக்கரத்தைப் பார்த்துவிட்டு, அறுபதில் போன சாலையைத் திரும்பிப் பார்த்தாள். அன்று வேறு யாரும் அதிகம் பேசவில்லை.

பிரித்தபோது கண்டவை

காரை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது தாத்தா வெளியே வந்தார். ஒன்றரை வருடத்தில் முதல்முறை. மடிந்த சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்:

"டிரன்னியனுக்கு என்ன போட்டீங்க?"

"கிரீஸ்தாம்ப்பா."

"கம்பெனியில அதுக்குத் தனியா ஆயில் கன் வெச்சிருந்தோம். கிரீஸ் கன்னை அந்தப் பக்கமே கொண்டுவர விடமாட்டோம்."

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புக் கையின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே திரும்புகிறது. அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும். மெல்லிய ஆயில் மரையின் அடிவரை ஊறும். கிரீஸ் ஊறாது, நாளடைவில் இறுகி வழியை அடைத்துவிடும். மரை காய்ந்து கிடக்கும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸ் பிதுங்கி, நன்றாகப் பராமரித்த இடம்போலவே தெரியும்.

வலப்பக்கக் கை மரை தொடங்கும் இடத்தில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழைய துரு, மீதி மட்டும் பளிச்சென்று புதிய முறிவு. அதாவது விரிசல் பல வருடத்துக்கு முந்தியது. உள்ளே கல்லாய் இறுகிய கறுப்பு கிரீஸ். அது பேரன் அடித்தது கிடையாது. கார் ஓடிய காலத்தில் ஏதோ பட்டறையில் நிப்பிளைக் கண்டதும் கன்னைப் பொருத்திய கைப்பழக்கம். இதை அவனிடம் தாத்தாவே எடுத்துச் சொன்னார். சொல்ல வேண்டியிருந்தது, பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வெட்டிய ஸ்பிரிங் இதற்குக் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் சஸ்பென்ஷன் ரப்பர் ஸ்டாப்பில் இடித்த தடம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒவ்வொரு குழியும் அந்த விரிசலுக்கு நேரே போய்ச் சேர்ந்திருக்கும்.

வேறு இரண்டும் தெரியவந்தன. சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில், பின்பக்கத்து இரண்டில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. மற்றது பின் ஆக்ஸில், அதாவது பின்சக்கரங்களின் அச்சு. ஹெரால்டில் பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை ஆக்ஸில்களில் நிற்பவை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கம் மடிந்து, பிடி போய்விடும். இந்திய வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் இதை விரும்பாததால்தான் 1972-ல் வந்த கெஸல் காருக்கு ஸ்டாண்டர்ட் நிறுவனமே ஒரே துண்டான ஆக்ஸிலைப் போட்டது. நாற்பது பி.எச்.பி.யிலேயே ஒதுக்கப்பட்ட அமைப்பின் மேல் நாங்கள் எண்பதை ஏற்றியிருந்தோம். பாடம் எடுப்பவனுக்கு இது தெரியும். தெரிந்தும் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்ஜின் உட்காருகிறதா என்பதிலேயே என் கண் இருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

ஒரு மாதம் யாரும் வண்டியைத் தொடவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு இரவு ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். பேச்சைத் திருப்பியது மருமகளின் கேள்வி: "இந்த வண்டி எங்க ஓடப்போகுது?" பதினேழு மாதமாக யாரும் கேட்காத கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் ஜிப்சி என்ஜினோடு ஹெரால்டை சாலையில் எடுத்தால், ஏதாவது நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. இன்னொரு வழி, 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள். ஐம்பது வருடம் தாண்டிய, சேஸி, பாடி, என்ஜின் எதுவும் பெரிதாக மாறாத வண்டிகளுக்கானது. 1970 வண்டி வயதில் தகுதி பெறும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தாத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஆகவே இப்படி முடிவானது. தாத்தாவின் வண்டி 948 சி.சி. என்ஜினோடு பழைய நிலைக்குத் திரும்பும், வெல்டிங் செய்த மவுண்டுகள் அறுத்து எடுக்கப்படும், வழக்கமான ஆர்.சி. புதுப்பித்தலுக்குப் போகும். ஹாட் ராட் ஆசையை விடவில்லை. அதற்கு ஆவணம் இல்லாத வேறொரு ஹெரால்டு சேஸி தேடப்படும். அது கேட் போட்ட இடத்தில் மட்டும் ஓடும், சாலையைத் தொடாது.

வேலையின் வரிசையும் மாறியது. முதலில் சேஸி, பிறகு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், பிறகு பிரேக், வயரிங், கடைசியில் என்ஜின். முன்பக்கம் முழுக்க தாத்தாவின் பொறுப்பு. அவர் கை நடுங்கும், ஸ்பேனர் பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்லப் பேரன் பூட்டினான். இடப்பக்க டிரன்னியனுக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசை என்பதால் ஒன்றை மற்றதில் போட முடியாது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எது எந்தப் பக்கம் என்று சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் தொடாத பொருள் அது.

பேத்தி ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு, யார் பூட்டியது, யார் சரிபார்த்தது என்று நோட்டில் எழுதினாள். பூட்டியவரே சரிபார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. கலிபோர்னியாக்காரர்களிடமும் அந்த வழக்கம் இருந்தது. வண்டியைத் தடத்தில் இறக்குமுன் வேறொருவர் பரிசோதிக்க வேண்டும் என்பதை அங்கிருந்த கிளப்புகள் கட்டாயமாக்கின. ஹாட் ராட் பந்தயத்தைத் தெருவிலிருந்து தடத்துக்குக் கொண்டுவர 1951-ல் தொடங்கிய தேசிய அமைப்பும் அதே வழியில் போனது. முதல் முறை அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது தாழ்ந்த மூக்கை மட்டும்தான்.

2023 டிசம்பர்

நவம்பரில் மழை வலுத்ததும் தாத்தா எல்லாவற்றையும் மேலே ஏற்றச் சொன்னார். 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கதவுகள், பானெட், டிக்கி மூடி மொட்டை மாடிக்குப் போயின. 948 என்ஜினை செயின் பிளாக்கில் கட்டி போர்ட்டிகோ உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். பாடியின் பெரிய துண்டு படிக்கட்டில் திரும்பவில்லை. நான்கு ஆயில் டிரம்களின் மேல் ஏற்றலாம் என்று மகன் சொன்னார். "காலி டிரம் மிதக்கும்டா, தண்ணி ரொப்பி வை" என்றார் தாத்தா. ரொப்பினார்கள்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. போர்ட்டிகோவில் தொடையளவு தண்ணீர். டிரம்கள் நகரவில்லை. ஆனால் சேஸி முழுக்க மூழ்கியது. பிரேக் பாகங்கள் இருந்த பெட்டியும், ஜிப்சி என்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டியும் கீழ்த்தட்டில் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. இரண்டும் போயின. தண்ணீர் வடிந்த மறுநாளே கியர்பாக்ஸிலும் பின் ஆக்ஸிலிலும் ஆயிலை இறக்கினோம். பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. மூன்று முறை மாற்றிய பிறகே தெளிந்தது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், மூழ்காத டப்பாவையும் சேர்த்துத் தூக்கிப்போட்டோம். முன்பக்க டிரன்னியன்களை மறுபடி பிரித்தோம். உள்ளே ஆயில் இருந்தது, துரு இல்லை.

பின்தொடர்ந்தவை

2024 அக்டோபரில் கார் மீண்டும் ஓடியது. படப்பையில் அதே இடம், அதே திருப்பம், இந்த முறை முதலில் நடை வேகத்தில். 2025 தொடக்கத்தில் ஆர்.டி.ஓ. பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். என்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போயின. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கிடந்த என்ஜின் இல்லாவிட்டால் அந்த நாள் வந்திருக்காது.

மருமகளின் கணக்குப்படி, முதல் கட்டத்தில் செலவானதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் காரில் இப்போது இல்லை. அதை அவர் வீண் என்று எழுதவில்லை. "ஜிப்சி பாக்கி" என்று தனித் தலைப்பில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது சேஸி காஞ்சிபுரம் பக்கம் ஒரு கொட்டகையில் கிடைத்தது. ஜிப்சி என்ஜின் அதன் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது.

மறுபடி செய்தால்

மகன் சொல்வது: என்ஜின் வாங்கும் முன் முன்பக்கத்தை முழுக்கப் பிரித்திருப்பேன், ஆட்டம் இல்லை என்பதை நல்ல நிலை என்று எடுத்துக்கொண்டேன். பேத்தி சொல்வது: முதல் ஓட்டத்தில் ஒருவர் மட்டும் காரில் இருக்க வேண்டும். பேரனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ் கன்னில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறான்.

என் பங்குக்கு: தாத்தாவின் எதிர்ப்பை நாங்கள் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டோம். அதில் ஏக்கம் இருந்தது, கூடவே இருபது வருடக் கைத்தொழிலும் இருந்தது. "ஏன் வேண்டாம்?" என்று ஒருவராவது உட்கார்ந்து கேட்டிருந்தால், பேச்சு எப்படியும் டிரன்னியனுக்கு வந்திருக்கும் என்று அவரே பின்னால் சொன்னார். மாணவர்களுக்கு இப்போது ஓட்டத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: இந்த மாடலில் முன்பு வேலை செய்தவர் யார், அவரிடம் கேட்டாயா?

ஸ்பிரிங்கை வெட்டியது தவறென்று மகன் ஒத்துக்கொள்கிறார். தாழ்ந்த கார் அழகு என்பதை மட்டும் விடவில்லை. இரண்டாவது வண்டியின் பின் ஆக்ஸில் இன்னும் முடிவாகவில்லை. ஜிப்சியின் ஆக்ஸில் ஹெரால்டின் 48 அங்குல அகலத்துக்குப் பெரிது. மாருதி ஆம்னி வேனுடையது அகலத்தில் நெருங்குகிறது, எண்பது பி.எச்.பி.யைத் தாங்குமா என்பது சந்தேகம். தாத்தா கெஸல் ஆக்ஸில் தேடச் சொல்கிறார். இந்த ஞாயிறு புதுப்பேட்டைக்கு அவரும் வருகிறார்.